இழவு வீட்டு நிர்வாகம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

சமையலுக்கு, கோலத்துக்கு, முப்பது நாளில் இந்தி பேச என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் புத்தகம் உண்டு. எந்த வீட்டிலும் ஒருநாள் நடந்தே தீரும் சாவுக்கு மட்டும் கிடையாது. அப்படியொரு புத்தகத்தை அலமாரியில் வைத்தால், "நல்ல நாளும் அதுவுமா... முதல்ல வாயைக் கழுவு" என்று பாட்டி விரட்டுவாள். ஆகவே வாயைக் கழுவிக்கொண்டு மேலே படிக்கவும். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம். எண்பதை நெருங்கிய அப்பா, வீட்டிலேயே, விடியற்காலையில் போய்விட்டார். பொறுப்பு உங்கள் தலையில். இந்தக் கையேடு அந்தக் கணக்கில் எழுதப்பட்டது.

1. முதலில் வாட்ஸ்அப், பிறகு டாக்டர்

டாக்டர் வந்து சேர்வதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைகளும் தீபமும் போட்டுவிட வேண்டும். பிந்தியவருக்குப் பாசம் குறைவு என்று பொருள். டாக்டர் நாடி பார்த்து "இருக்கு" என்று சொல்லிவிட்டால் அழித்துவிடலாம். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் அப்பாவோடு இன்னும் சில காலம் வாழும்.

நேரம் கிடைத்தால் இதையும் செய்யுங்கள்: கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்குங்கள். வீட்டில் போனவருக்கு அது படிவம் 4ஏ. ஆஸ்பத்திரியில் போனவருக்குப் படிவம் 4. கடைசி நோய்க்கு மருத்துவம் பார்த்தவர் இதைக் காசு வாங்காமல் தர வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். விபத்து, விஷம், தூக்கு, சந்தேகம் என்று ஏதாவது இருந்தால் டாக்டருக்கு முன்பே போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியப்பா, "அப்பன் செத்துக் கெடக்கான், இவன் பாரம் தேடுறான்" என்பார். பெரியப்பாவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பதினேழாம் நாள் தேவைப்படுவார், கிடைக்க மாட்டார்.

2. கட்ட வேண்டியவையும் கொடுக்க வேண்டியவையும்

தாடையோடு சேர்த்துத் துணியால் ஒரு கட்டு, கால் பெருவிரல்கள் இரண்டையும் இணைத்து ஒரு கட்டு. இவை சாஸ்திரம் என்று சொல்வார்கள். சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், அதுவும் தாடையில் சீக்கிரமே தெரியும். வாய் திறந்த கோலத்திலேயே விறைத்துவிட்டால் பிறகு மூடுவது கடினம். சாஸ்திரம் எழுதியவர் நாலு சாவு பார்த்தவர்.

கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள். கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சர்க்கரை இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும், கண்புரை அறுவை செய்திருந்தாலும் தடையில்லை. வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், முகம் மாறாது. சிறுநீரகம், கல்லீரல் போன்றவை வீட்டுச் சாவில் முடியாது. அவை ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறப்படுபவை. அப்படித் தருபவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது.

"கண்ணைக் குடுத்தா அடுத்த பொறப்புல குருடாப் பொறப்பாரு" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். வாதாட வேண்டாம். "சரிங்கத்தை, அப்ப நெருப்புல முழுசா எரிச்சா எப்படிப் பொறப்பாரு?" என்று பணிவாகக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

3. ஐஸ் பெட்டியும் அமெரிக்காவும்

முன்பெல்லாம் காலையில் போனால் மாலையில் எடுத்துவிடுவார்கள். இப்போது எவர் வீட்டிலும் ஒருவராவது கடல் தாண்டியிருக்கிறார். பெரியவன் டல்லாஸிலிருந்து கிளம்பி, வழியில் ஓர் ஊரில் மாறி, சென்னையில் இறங்கி, கார் பிடித்து வர வேண்டும். அதுவரை அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் காத்திருப்பார். வாழ்நாளெல்லாம் ஏசி வேண்டாம், கரண்டு பில் ஏறும் என்றவர்.

பெட்டிக்குத் தனியாக ஒரு பிளக் பாயின்ட் ஒதுக்குங்கள். மூன்றாவது மணி நேரத்தில் எவராவது செல்போன் சார்ஜ் போட அதைப் பிடுங்குவார்கள். கரண்டு போனால் ஜெனரேட்டருக்கு எவர் பொறுப்பு என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். பெட்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும். பழைய வேட்டி ஒன்று வைக்கவும்.

4. "எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?"

இழவு வீட்டில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களுக்கு மூன்று மணிக்கு வேறு வேலை இருக்கிறது. நீங்கள் ஒரு நேரம் சொன்னதும் ஒரு மாமா காலண்டரை நோக்கி நடப்பார். செவ்வாய் என்றால் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு. உயிர் போன நேரத்துக்கும் இப்படி ஒருவர் காலண்டர் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

சனிக்கிழமை என்றால் நிலைமை மோசம். சனிப் பிணம் தனிப் போகாது. துணைக்கு ஒரு தேங்காயோ கோழிக்குஞ்சோ பாடையில் கட்ட வேண்டும். அன்று கூட்டத்திலேயே கவலை மிகுந்த முகம் கோழியினுடையது. அவிட்டம் முதல் ரேவதி வரையிலான நட்சத்திரத்தில் போயிருந்தால் 'அடைப்பு' என்று இத்தனை மாதம் அறையைப் பூட்டச் சொல்வார்கள். இரண்டு அறை வீட்டில் எதைப் பூட்டுவது என்பதற்கு மட்டும் பஞ்சாங்கத்தில் பதில் இல்லை.

5. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி

அப்பாவுக்கு நல்ல போட்டோ இருக்காது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்ததிலிருந்து வெட்டி எடுத்து, பின்னால் மேகமும் நீல வானமும் சேர்த்து, அவர் ஒருநாளும் போடாத கோட்டும் மாட்டிவிடுவார்கள். அந்தக் கோலத்தில் அவரே நேரில் வந்தாலும் தெருவில் எவருக்கும் அடையாளம் தெரியாது.

போட்டோவைவிட முக்கியம் கீழே வரும் பெயர்கள். மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி, பேத்தியின் நாய்க்குட்டி வரை வரிசை பிசகக் கூடாது. சின்ன மருமகன் பெயர் பெரிய மருமகன் பெயரைவிடக் கொட்டை எழுத்தில் வந்துவிட்டால், அடுத்த தலைமுறை வரை பேச்சுவார்த்தை இருக்காது. ஆகவே மூன்று பேர் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் படித்து, பிழை திருத்திய பிறகே அச்சுக்குப் போகும்.

இந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கை அப்பாவின் பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறது, பாஸ்புக்கில் எப்படி இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில் செலவிடலாம். ஒன்றில் சுப்பிரமணி, இன்னொன்றில் சுப்ரமணியன், மூன்றாவதில் இனிஷியல் பின்னால். சுவரொட்டி ஒரு மழைக்குத் தாங்காது. இறப்புச் சான்றிதழில் விழும் பெயர்தான் அம்மாவின் கடைசிக் காலம் வரை கூட வரும்.

6. கோடி, கொள்ளி, பந்தம்

இங்கே இரண்டு கட்சிகள் உண்டு: பங்காளிகள், மாமன் மச்சான்கள். நீர்மாலைக்கு எவர் போவது, பிறந்த வீட்டுக் கோடி முதலில் போடுவதா சம்பந்தி கோடி முதலில் போடுவதா, நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரன் எந்த வழிப் பேரன் என்று எல்லாவற்றுக்கும் முன்மாதிரி உண்டு. முன்மாதிரி என்பது போன தடவை சண்டை நடந்த வீடு.

அப்பாவுக்குத் தலைமகன், அம்மாவுக்குக் கடைமகன் கொள்ளி வைப்பது வழக்கம். மகள் வைக்கலாமா என்று கேட்டால் கூட்டம் அமைதியாகும். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும் என்பார்கள். மகளுக்குப் பிதுரார்ஜிதச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. கொள்ளிக்குடத்தை மகள் தூக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பத்து வருஷம் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் தெருமுனையில் நிற்பாள். டல்லாஸிலிருந்து வந்தவன் தூக்கக் கலக்கத்தில் குடம் சுமப்பான். இதில் எதுவும் விநோதமில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்ளவும்.

7. ஊர்வலம்

தாரை தப்பட்டை உண்டா என்று கேட்பார்கள். பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவு என்றால் கட்டாயம். ஆட ஆள் பிடிக்க வேண்டாம். தானாகச் சேரும், அதற்கான எரிபொருளை மட்டும் தனியாகக் கேட்கும். அப்பா ஜாதிமல்லி முழம் என்ன விலை என்று கேட்டே பார்க்காதவர். அவர் மேல் போட்ட பூவெல்லாம் பிய்த்து எறியப்பட்டு, பின்னால் வரும் இருசக்கர வாகனங்களைச் சறுக்கிவிடும். ஒரு சாவோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

108 ஆம்புலன்ஸ் உயிரோடு இருப்பவர்களுக்கு, இறந்தவரை ஏற்றாது. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு. இதைத் தெரியாமல்தான் பலர் ஆஸ்பத்திரி வாசலில் பேரம் பேசி நிற்கிறார்கள்.

8. மயானம்

இடம் கிடைப்பது எல்லாருக்கும் சுலபமில்லை. ஐந்து முறை முதலமைச்சராக இருந்த கலைஞர் கருணாநிதிக்கே மெரினாவில் ஆறடி மண் கிடைக்க, 2018 ஆகஸ்டில் இரவோடு இரவாக உயர் நீதிமன்றம் கூட வேண்டியிருந்தது. அடுத்த ஆகஸ்டில், 2019-இல், வாணியம்பாடி அருகே தலித் ஒருவரின் உடலை, வயல் வழியே போகும் பாதையை மறித்துவிட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சாதி வேறுபாடில்லாத பொது மயானம் உள்ள சிற்றூர்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் பரிசு தருகிறது. செத்த பிறகாவது ஒரே இடத்தில் படுங்கள் என்று மனிதர்களுக்குக் காசு கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தப் படியில் நையாண்டி செய்ய எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

எரிவாயு மேடை என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் சாம்பலோடு திரும்பலாம். விறகும் வரட்டியும் என்றால் மறுநாள் பால் தெளிக்க வர வேண்டும். எதுவானாலும் டாக்டர் சான்றும் ஆதார் நகலும் கேட்பார்கள். முக்கியமாக, மயானத்தில் தரும் ரசீதைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது நம் வழக்கம். ஊரில் பாதி இறப்புப் பதிவுகள் தாமதமாவதற்கு அந்த ஒரு செம்புத் தண்ணீர் போதும்.

9. துக்கம் கேட்க வருவோருக்கு

வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து, "எப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். அவள் காலை நாலு மணிக்கு இருமியதிலிருந்து தொடங்குவாள். முடித்ததும் அடுத்தவர் வருவார். அவள் மறுபடி நாலு மணிக்கு இருமியதிலிருந்து தொடங்குவாள். அப்பா ஒரு தடவைதான் இறந்தார். அம்மாவின் வாயால் அவரை நூறு தடவை சாகடிக்காமல் ஊர் ஓயாது. நடுவில், "அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பாரு" என்று ஒரு வரி சேர்த்தால் துக்க விசாரிப்பு முழுமை பெறும்.

போகும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. "போயிட்டு வரேன்" என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். இந்த ஒரு சாஸ்திரத்தை உறவினர்கள் முழுமையாகக் கடைப்பிடிக்கிறார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் அப்படியே போய்விடுகிறார்கள்.

10. கருமாதி

கார்டு, பந்தல், நாற்காலி, வடை பாயசம், தலைப்பா கட்டு, மொய் நோட்டு. சாப்பாட்டைப் பற்றி எவரும் குறை சொல்லவில்லை என்றால் அப்பா நல்லவர். இரண்டாம் பந்தியில் ரசம் ஊற்றும்போது ஒரு மச்சான், "வீடு யார் பேர்ல இருக்கு?" என்று இலையைப் பார்த்தபடியே கேட்பார். அதற்கு இலையிடம் பதில் சொல்லக் கூடாது.

11. பதினேழாம் நாள்

பந்தல் பிரித்தாயிற்று. வீட்டில் அம்மா இருக்கிறாள், ஒரு பெரிய போட்டோ இருக்கிறது, ஒரு மஞ்சள் பை இருக்கிறது. வேலை இப்போதுதான் ஆரம்பம்.

இறப்பைக் கட்டணமில்லாமல் பதிவுசெய்யச் சட்டம் தரும் கெடு 21 நாள். பதினாறைச் சடங்குகளுக்குக் கொடுத்தாயிற்று, மிச்சம் ஐந்து. கிராமம் என்றால் வி.ஏ.ஓ., நகரம் என்றால் நகராட்சி, மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை மேலதிகாரி அனுமதி. அதற்கும் மேல் போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி. சான்றிதழில் பெயர், தந்தை பெயர், தேதி மூன்றையும் சுவரொட்டியைப் படித்த அதே மூன்று பேரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ்: வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, இறந்தவரின் தாய் உயிரோடிருந்தால் அவளும் முதல் வகுப்பு வாரிசு. மூலையில் உட்கார்ந்து மகனுக்கு ஒப்பாரி வைத்த பாட்டி பங்குதாரர் என்பது மச்சானுக்குத் தெரியாது.

பிறகு வங்கி. ஏடிஎம் அட்டையின் ரகசிய எண் தெரியும் என்பதற்காகச் செய்தி போவதற்குள் பணத்தை எடுத்துவிடாதீர்கள். நாளை இன்னொரு வாரிசு கணக்கு கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நாமினி பதிவாகியிருந்தால் வாரிசுச் சான்று வேண்டும் என்று வங்கி அலைக்கழிக்கக் கூடாது. தாள்கள் சரியாக இருந்தால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைக்கும் கை மட்டுமே, பங்கு வாரிசுகளுக்குத்தான். பத்தாண்டு எவரும் தொடாத கணக்கு ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். கேட்டு வாங்கலாம், இருந்தது என்று தெரிந்தால்.

பாஸ்புக்கில் மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயதுக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. எண்பது வயது அப்பாவுக்கு இது பயன்படாது, ஆனால் இந்தக் கையேடு எல்லா வீட்டுக்கும்தான். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால் ஈமச்சடங்கு உதவித்தொகை உண்டு, அட்டையைத் தேடுங்கள்.

ஓய்வூதியக்காரர் என்றால், இத்தனை நாள் ஆண்டுக்கொரு முறை 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று ஆதாரத்தோடு நிரூபித்தவர் அவர். இனி அவர் இல்லை என்பதை அம்மா நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு கவுன்டரிலும் ஓடிபி வரும். அது அப்பாவின் போனுக்குப் போகும். அந்தப் போன் அவர் கைரேகைக்கு மட்டும்தான் திறக்கும். ஆகவே எல்லா மாற்றமும் முடியும் வரை சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.

கவுன்டரில் அம்மாவைப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்பார்கள். முதல் நாள் தெரு கொள்ளாமல் வந்த ஆம்பளைகள் எங்கே என்று அவளுக்கும் தெரியாது.

12. இன்னும் இறக்காதவர்களுக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கணக்கு எண்கள், நாமினி யார், பாலிசி எங்கே, யாரிடம் கடன், யாருக்குக் கடன், போன் எப்படித் திறக்கும், கண் தானமா, எரிப்பதா புதைப்பதா, வெடி வேண்டுமா வேண்டாமா என்று எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் இரண்டு பேருக்குச் சொல்லிவையுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைத்தால் செல்லும். "இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்று அம்மா அழுவாள். அந்த அழுகை பத்து நிமிஷம். எழுதாமல் போனால் பத்து மாசம்.

கடைசியாக, கருமாதிக் கார்டில் ஒரு திருத்தம். 'உற்றார் உறவினர் அனைவரும் வந்து கலந்துகொள்ளவும்' என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து அச்சடியுங்கள்: 'பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு, தாசில்தார் அலுவலகம். ஒவ்வொருவரும் அரை நாள் லீவு போட்டு வரவும். மாலை வேண்டாம், ஜெராக்ஸ் கடை வரை நடக்கத் தயாராக வரவும்.' அடியில் மதியச் சாப்பாடு உண்டு என்றும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பெரியப்பா வர மாட்டார்.